உச்சியும் நாடும்

1976 ஆகஸ்ட். கொழும்பில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில், அணிசேரா நாடுகளின் தலைவர்கள் கூடியிருந்தார்கள். எங்கள் வீட்டு வானொலி ஓயாமல் "உச்சி மாநாடு" என்றது. பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா கேட்டா: "உச்சி வெயிலுக்கயா மனே கூடுறாங்க?"

சிரித்தோம். ஆனால் பிழை அவவில் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் உச்சி வானத்திலும் தலையிலும்தான் உண்டு. உச்சிப்பொழுது, கோயிலில் உச்சிக்காலப் பூசை, பிள்ளைக்கு உச்சியில் வைக்கும் எண்ணெய், உச்சி பிரித்து வாரும் தலை. நிலமோ தட்டை. மேற்கே தெரியும் குடும்பிமலைக்குக்கூடத் தலையிலிருந்துதான் பெயர் வந்தது. தமிழன் அதில் குடுமியைக் கண்டான். சிங்களத்தில் அது தொப்பிகல, ஆங்கிலேயனுக்குப் பிரபுவின் தொப்பி. அவரவர் தலையில் இருந்ததை மலைக்கு வைத்துவிட்டார்கள்.

அரசியல்வாதிகள் மலையேறிய கதை 1950 பெப்ரவரியில் எடின்பரோவில் தொடங்குகிறது. தேர்தல் மேடையில் பேசிய வின்ஸ்டன் சேர்ச்சில், சோவியத் தலைமையோடு நேரில் பேச வேண்டும் என்பதற்கு, மலைமுகட்டைக் குறிக்கும் "சம்மிட்" என்ற ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். 1953இல் எவரெஸ்டில் மனிதர் கால் பட்டது. 1955இல் நான்கு வல்லரசுகளின் தலைவர்கள் ஜெனீவாவில் கூடியபோது பத்திரிகைகளுக்குச் சொல் கைவசம் இருந்தது. 1975இல் பிரான்சின் ரம்புயேயில் ஆறு பணக்கார நாடுகள் கூடியதோடு பொருளாதாரமும் முகட்டில் ஏறிவிட்டது.

இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இந்தி சிகரத்தை எடுத்துக்கொண்டது. மலையாளம் உச்சகோடி என்றது. தமிழ் உச்சியோடு நின்றது. உச்சி திராவிட வேரா, வடமொழி உச்சத்தின் உறவா என்ற வழக்கு இருக்கட்டும். எனக்கு மாநாடுதான் பிடித்தம்.

மாநாடு என்றால் பெரிய தேசம் அல்லவே? நாடு ஏன் கூட்டமானது? சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது ஊர்கள் பல சேர்ந்த நிலப்பிரிவு. அந்நிலத்தின் காணியாளர் கூடும் அவைக்கும் அதுவே பெயர். வரியும் பாசனமும் கோயில் நிலமும் நாட்டார் பேசித் தீர்த்தவை. மேழியைச் சின்னமாகக் கொண்ட உழவர் பேரவைக்குச் சித்திரமேழிப் பெரியநாட்டார் என்று பெயர். பெரியநாடு, மாநாடு: அச்சு ஒன்றுதான். ஆக, உச்சி நேற்று வந்த விருந்தாளி, நாடு வீட்டுக்காரர்.

கொழும்பில் அன்று பேசப்பட்டதும் உழவர் பேச்சுக்குத் தூரமில்லை. மூலப்பொருளுக்கு நியாயவிலை, புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு என்று வறிய நாடுகள் கேட்டன. பொருளாதாரப் பிரகடனம் ஒன்றும் வெளியானது.

எங்கள் பக்கத்தில் உழவர் கூடிப் பேசும் இதே வேலைக்கு "போக ஆரம்பக் கூட்டம்" என்று பெயர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, மாடுகளை வயல்வட்டையிலிருந்து எப்போது வெளியேற்றுவது. வயல்காரர் ஒரு திகதி சொல்வார். மாட்டுக்காரர் முகம் சுளிப்பார். மேசைக்குப் பின்னால் அதிகாரிகள். போன முறை நான் போயிருந்தபோது, வரவேற்புரை நீண்டுகொண்டே போனது. பின்வரிசையில் ஒருவர் எழும்பினார்:

"தண்ணிய முதல்ல சொல்லுங்க ஐயா. மத்ததெல்லாம் மறுகா பாப்பம்."