உரிமத்தில் எந்தப் பெயர்

இருபது ஆண்டுகளுக்கு முன் எல்.எல்.ஆர். போடப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் மகன் / மனைவி / மகள் என்று மூன்று சொற்கள் சாய்கோடிட்டு அச்சாகியிருந்தன. மகளை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அடித்து, அப்பா பெயரை எழுதினேன். கவுன்டரில் இருந்தவர் தாளைப் பார்த்தார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சுல்ல மேடம், சார் பேரைப் போட்டுக் குடுங்க" என்றார். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். "விதியெல்லாம் இல்ல மேடம், அப்படித்தான் போடுவோம்." கல்லூரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பதில் வெகுநாள் மனத்தில் கிடந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைப் படித்தபோது அதே பதிலை மீண்டும் சந்தித்தேன்.

மோட்டார் வாகனத்துறை என்றால் நமக்கு எட்டுப் போடும் மைதானமும் புரோக்கரும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க மாநிலங்களில் அது வேறொன்றாகவும் வளர்ந்தது. 1901இல் நியூயார்க் மாநிலம் வண்டிகளைப் பதிவு செய்யச் சொன்னபோது, உரிமையாளர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையே வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். நம்முடைய இனிஷியல் மாதிரி. 1903இல் மாசசூசெட்ஸ் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அந்த நாட்டில் எல்லாருக்குமான தேசிய அடையாள அட்டை கிடையாது. அதனால் காசோலை மாற்றுவதற்கும் வயதைக் காட்டுவதற்கும் ஓட்டுநர் உரிமமே நீட்டப்பட்டது. வண்டியைக் கணக்கெடுக்கத் தொடங்கிய துறை, ஒருத்தி யார் என்று சொல்லும் துறையாகிவிட்டது. அவள் பெயர் எது என்பதையும் கவுன்டரே தீர்மானிக்கத் தொடங்கியது.

அலபாமாவில் உரிமத்துக்குப் பொறுப்பு பொதுப் பாதுகாப்புத் துறை. திருமணமான பெண் கணவரின் குடும்பப் பெயரில்தான் உரிமம் வாங்க வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். இந்த விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நீதிமன்றமே தன் தீர்ப்பில் அதை எழுதப்படாத விதி என்றுதான் குறிப்பிடுகிறது. வெண்டி ஃபார்புஷ் என்ற பெண், தான் பிறந்தது முதல் தாங்கிவந்த பெயரிலேயே உரிமம் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். எதிர்மனுதாரர்களில் ஒருவர் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அதே வாலஸ் 1966இல் தொடர்ந்து இரண்டாவது முறை போட்டியிடச் சட்டம் இடம் தராததால் தன் மனைவி லர்லீனை நிறுத்தினார். லர்லீன் வென்று அலபாமாவின் முதல் பெண் ஆளுநரானார். 'திருமதி ஜார்ஜ் வாலஸ்' என்ற பெயரில்தான் வாக்குக் கேட்கப்பட்டது. 1968இல் பதவியிலிருக்கும்போதே புற்றுநோயால் இறந்தார். மாநிலத்தின் மிக உயர்ந்த நாற்காலியில் அமர்ந்த பெண்ணுக்கே கணவரின் முழுப்பெயர்தான் பெயர் என்றால், உரிமம் கேட்டு வரிசையில் நின்ற பெண் என்ன எதிர்பார்த்திருக்க முடியும்!

1971 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகளும் துறையின் பக்கம் நின்றார்கள். மனைவி கணவரின் குடும்பப் பெயரை ஏற்பது நெடுங்கால வழக்கம். மாநிலம் முழுவதும் உரிமப் பதிவேடுகளைச் சீராக வைத்துக்கொள்ள அது உதவுகிறது. மாற்றினால் செலவும் நிர்வாகச் சிரமமும் கூடும். வேண்டுமென்றால் அந்தப் பெண் நீதிமன்றத்தில் எளிதாக, குறைந்த செலவில் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்றார்கள். கடைசி வாதத்தைக் கவனியுங்கள். அவர் தன் பெயரை மாற்றியதே இல்லை. மாற்றாத பெயரை வைத்துக்கொள்ள, பெயரை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

இரண்டு மாதங்களில் உச்ச நீதிமன்றம் ரீட் எதிர் ரீட் வழக்கில் தீர்ப்பளித்தது. இறந்த மகனின் உடைமைகளை நிர்வகிக்கத் தாயும் தகப்பனும் கேட்டால் ஆணுக்கே முன்னுரிமை என்ற ஐடஹோ மாநிலச் சட்டத்தை அது ரத்து செய்தது. நிர்வாக வசதிக்காக ஆண் பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொன்னது. பெண்ணியச் சட்ட வரலாற்றில் கொண்டாடப்படும் தீர்ப்பு அது. மனுவை எழுதியவர்களில் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் ஒருவர். ஆனால் அதே நீதிமன்றம் 1972 மார்ச்சில் ஃபார்புஷின் மேல்முறையீட்டில் அலபாமா தீர்ப்பை அப்படியே உறுதி செய்தது. காரணம் கூறி ஒரு வரிகூட எழுதவில்லை. பிள்ளையின் சொத்து என்றால் நிர்வாக வசதி போதாது. பெண்ணின் பெயர் என்றால் போதும்போல.

ஆனாலும் சட்ட நூல்களில் இந்த வழக்கு 'ஃபார்புஷ் எதிர் வாலஸ்' என்றே பதிவாகியிருக்கிறது. உரிமத்தில் எழுத மறுத்த பெயரை நீதிமன்றமே அட்டையில் அச்சிட்டு வைத்திருக்கிறது.

இந்தச் சண்டை அலபாமாவில் பிறந்ததல்ல. 1855இல் திருமணம் செய்துகொண்ட லூசி ஸ்டோன் தன் பெயரை விடவில்லை. 1879இல் மாசசூசெட்ஸ், பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்றது. கணவர் பெயரைச் சேர்த்தால்தான் பதிவு என்றார்கள். வாழ்நாளெல்லாம் வாக்குரிமைக்குப் போராடியவர், வாக்கை விட்டார், பெயரை விடவில்லை. ஆங்கிலேயப் பொதுச்சட்டம் பெண்ணைப் பெயர் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதே இல்லை என்பதை 1970களில் பெண் வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளைக் கிளறி நிரூபித்தார்கள். 1975இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அலபாமாவின் உச்ச நீதிமன்றமும் 1982இல் ஏற்றது. அவ்வளவு காலமும் சட்டம் என்று காட்டப்பட்டது பழக்கம் மட்டுமே.

கதை அங்கே முடியவில்லை. 2005இல் வந்த ரியல் ஐடி சட்டம், உரிமத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தங்கள் பெயரை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும் என்றது. விமான நிலையங்களில் 2025 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், இப்போது ஒரு பெயர் என்றால் இடையிலுள்ள திருமணச் சான்றிதழைக் கொண்டு வர வேண்டும். மணமுறிவும் மறுமணமும் ஆனவர் ஒவ்வொரு தாளையும் வரிசையாகக் காட்ட வேண்டும். பெரும்பாலான ஆண்களுக்கு ஒரே தாள் போதும். ஒரு தலைமுறைக்கு முன் பெயரை மாற்று என்று அதட்டிய கவுன்டர், ஏன் மாற்றினாய், சான்று எங்கே என்று இப்போது கேட்கிறது. 2013இல் டெக்சஸ் மாநிலத்தில் சாண்ட்ரா வாட்ஸ் என்ற நீதிபதிக்கே வாக்குச்சாவடியில் சிக்கல் வந்தது. உரிமத்தில் நடுப்பெயராக அவரது பிறந்த வீட்டுப் பெயர், வாக்காளர் பட்டியலில் வேறு நடுப்பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தானே என்று என் மாணவிகள் சொல்வார்கள். அந்த ஓர் எழுத்து மாறியதால் பட்டச் சான்றிதழும் ஆதாரும் பொருந்தாமல் அலைந்தவர்களை அவர்களுக்கும் தெரியும்.

என் உரிமம் அடுத்த ஆண்டு காலாவதியாகிறது. இப்போது விண்ணப்பம் கணினியில். உறவு என்ற இடத்தில் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் விரிகிறது. நேற்று இரவு திறந்து பார்த்தேன். இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.