கிண்டி நுண்ணோக்கி முதல் மரபணு வரிசை வரை: தமிழகத்து நாய் ஒட்டுண்ணிகளின் பெயர் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நாய்களைப் பற்றும் ஒட்டுண்ணிகள் சில, உலக அறிவியலுக்கு முதன்முதலில் அறிமுகமான இடங்கள் சென்னையும் இலங்கையும் ஆகும். 1907 முதல் 1911 வரையிலான காலத்தில் உருவ அடிப்படையில் விவரிக்கப்பட்ட இவ்வுயிரிகளை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்த மரபணு ஆய்வு மறுவரையறை செய்தது. எந்த விலங்கு ஆய்வு மேசைக்கு வந்தது என்பதே எந்த ஒட்டுண்ணி அறியப்பட்டது என்பதைத் தீர்மானித்தது என்றும், அச்சார்பு இன்றைய மரபணுப் பன்மை ஆய்வுகளையும் பாதிக்கக்கூடியது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

முதன்மைச் சொற்கள்: ஒட்டுண்ணி, உண்ணி, பபேசியா, கொக்கிப்புழு, கிங் நிலையம், மரபணுப் பன்மை.

முன்னுரை

காரைக்குடிச் செக்காலையின் தெருவோரத்தில் படுத்திருக்கும் ஒரு நாயின் காதுமடலைப் புரட்டிப் பார்த்தால், அங்கு உண்ணிகள் ஒட்டியிருப்பதைக் காண்பது அரிதன்று. ‘உண்’ என்னும் வினையடியாகப் பிறந்த இப்பெயரே, ‘ஒட்டுண்ணி’ என்னும் கலைச்சொல்லுக்கும் அடிப்படையாயிற்று. ஆயினும் உண்ணி தான் உண்பதோடு நிற்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத வேறு ஒட்டுண்ணிகளையும் நாயின் உடலுக்குள் செலுத்துகிறது. அவ்வுயிரிகள் எவை, எத்தனை வகையின என்ற வினாவிற்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான பகுதி கிண்டியில் நிகழ்ந்தது.

1. கிண்டியில் ஒரு தொடக்கம்

1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டதும், 1903இல் சென்னையில் சார்லஸ் டோனவன் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியை விவரித்ததும், இந்திய மருத்துவப் பணியினரிடையே குருதி ஒட்டுண்ணிகள் குறித்த பெரும் ஆர்வத்தைத் தூண்டின. 1905இல் எஸ்.பி. ஜேம்ஸ், இந்திய நாய்களின் வெள்ளணுக்களில் வாழும் ஓர் உயிரியை விவரித்தார். இன்று அது ஹெப்பட்டோசூன் கேனிஸ் எனப்படுகிறது.

கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் பணியாற்றிய எஸ்.ஆர். கிறிஸ்டோபர்ஸ், 1907இல் இவ்வாய்வை உண்ணியின் உடலுக்குள் கொண்டுசென்றார். ஜேம்ஸ் கண்ட உயிரியும், சிவப்பணுக்களைத் தாக்கும் ‘பைரோபிளாஸ்மா கேனிஸ்’ என்ற உயிரியும் பழுப்பு நாய் உண்ணியில் அடையும் வளர்ச்சியை அவர் தனித்தனி அறிக்கைகளில் விவரித்தார். ‘பைரோபிளாஸ்மா கேனிஸ்’ என்ற பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது; பியானா, கல்லி-வலேரியோ ஆகியோர் 1895இல் இத்தாலிய நாய்களில் கண்ட உயிரிக்கு அங்கு வழங்கிவந்த பெயர் அது. சென்னை நாயின் குருதியில் பேரிக்காய் வடிவில் பெரிதாகத் தெரிந்த உயிரிக்கும் அப்பெயரே பொருந்தும் என அன்று கொள்ளப்பட்டது.

2. வேட்டைநாயும் நரியும்

1910இல் கிங் நிலையத்தைச் சேர்ந்த டபிள்யூ.எஸ். பேட்டன், ‘பைரோபிளாஸ்மா கிப்சோனி’ என்ற புதிய இனத்தை அறிவித்தார். முன்னர் அறியப்பட்ட பேருருவ இனத்திலிருந்து மாறுபட்டு, இது சிவப்பணுவுக்குள் சிறு வளையமாகத் தோன்றியது. இன்று இதன் பெயர் பபேசியா கிப்சோனி.

பேட்டனின் அறிக்கைத் தலைப்பே அக்கண்டுபிடிப்பின் சமூகச் சூழலைக் காட்டிவிடுகிறது. ஒட்டுண்ணி முதலில் காணப்பட்டது ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற ஆங்கிலேய வேட்டைக் குழுவின் நாய்களில். பின்னரே அது நரியின் குருதியில் கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் செந்நரிக்கு ஈடாக இந்தியாவில் குள்ளநரியைத் துரத்திய ஆங்கிலேய வேட்டைக் குழுக்கள், அதற்கான நாய்களைக் கடல் கடந்து தருவிப்பது வழக்கம். ஒரு நிலப்பரப்பின் ஒட்டுண்ணிகளோடு முன்பழக்கமற்ற விலங்கு அங்குக் கொண்டுவரப்படும்போது நோய் கடுமையாக வெளிப்படுவது பொதுவான இயல்பு. நெடுங்காலம் அவற்றோடு வாழ்ந்த விலங்கோ, பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமலே ஒட்டுண்ணியைத் தாங்கிநிற்கும். எனவே நரியும் ஊர்நாயும் அமைதியாகச் சுமந்திருக்கக்கூடிய ஓர் உயிரி, விலையுயர்ந்த வேட்டைநாய் நோயுற்றபோதுதான் அறிவியலின் கவனத்திற்கு வந்தது எனக் கருத இடமுண்டு.

இதைக் கடத்தும் உண்ணியைக் கண்டறிய மேலும் காலம் பிடித்தது. ஹீமாஃபைசாலிஸ் பைஸ்பைனோசா என்ற உண்ணி இதனைக் கடத்துவதை 1937இல் சுவாமிநாத், ஷார்ட் ஆகியோர் விளக்கினர். கால்நடைகளிலும் பரவலாகக் காணப்படும் உண்ணி இது. ஆகவே இவ்வொட்டுண்ணியின் வரலாற்றில் வேட்டைநாய்க்கும் நரிக்கும் உள்ள இடம் மேய்ச்சல் நிலத்திற்கும் உண்டு.

3. ஒரு பெயருக்குள் பல உயிரிகள்

நுண்ணோக்கி உருவத்தை மட்டுமே காட்டும். ஆதலின் நெடுங்காலம் நாய்ப் பபேசியாக்கள் ‘பெரியவை’, ‘சிறியவை’ என இரண்டாகவே பகுக்கப்பட்டன. பெரியது எங்குக் கிடைத்தாலும் கேனிஸ், சிறியது எங்குக் கிடைத்தாலும் கிப்சோனி என்பதே நடைமுறையாக இருந்தது.

1989இல் உய்லன்பெர்க்கும் அவருடன் ஆய்ந்தோரும், கடத்தும் உண்ணி, நோயின் கடுமை, எதிர்ப்பாற்றல் ஆகியவற்றைக் கொண்டு பெரிய வகையைக் கேனிஸ், வோகெலி, ரோசி என மூன்று உள்ளினங்களாகப் பிரித்தனர். 18எஸ் ரைபோசோம் மரபணு வரிசைகள் இப்பிரிவை உறுதிசெய்தன. இன்று அவை தனித்தனி இனங்களாகவே கொள்ளப்படுகின்றன. இவற்றுள் பழுப்பு நாய் உண்ணி கடத்துவது வோகெலி. இதனைக் கொண்டு பின்னோக்கிப் பார்த்தால், கிறிஸ்டோபர்ஸ் 1907இல் அதே உண்ணியில் பின்தொடர்ந்த உயிரி, ஐரோப்பியப் பெயரைத் தாங்கிய வோகெலியாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

சிறிய வகையிலும் இதுவே நிகழ்ந்தது. கலிபோர்னிய நாய்களில் 1991இல் கிப்சோனி என விவரிக்கப்பட்ட உயிரி, ஆசிய உயிரியிலிருந்து வேறுபட்டது என 2000ஆம் ஆண்டளவில் மரபணு வரிசைகள் காட்டின. 2006இல் அது பபேசியா கொன்ராடே எனத் தனிப்பெயர் பெற்றது. மறுபுறம், சென்னையில் பெயர் பெற்ற கிப்சோனியே உண்ணியின் துணையின்றியும் கண்டங்களைக் கடந்தது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சண்டைக்கென வளர்க்கப்படும் நாய்களிடையே கடிக்காயத்தின் வழியாக அது பரவுவது பின்னர் உணரப்பட்டது.

இப்பெயர் மாற்றங்களை வகைப்பாட்டியலாரின் தனிப்பட்ட அக்கறையாக மட்டும் கருதலாகாது. வோகெலிக்குப் பயன்படும் மருந்துகள் கிப்சோனியை உடலிலிருந்து முற்றிலும் நீக்குவது அரிது. கிப்சோனிக்குள்ளேயே, சைட்டோகுரோம் பி மரபணுவில் நிகழும் ஒரு மாற்றம் அட்டோவாக்குவோன் மருந்தின் பயனைக் குறைக்கிறது. எனவே ஓரினத்துக்குள் உள்ள மரபணு வேறுபாடே நாய் பிழைப்பதா இறப்பதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

4. இலங்கையின் கொக்கிப்புழு

பேட்டனின் அறிக்கைக்கு அடுத்த ஆண்டில், 1911இல், ஆர்தர் லூஸ் இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து கிடைத்த ஒரு கொக்கிப்புழுவுக்கு ‘அன்கைலோஸ்டோமா சிலானிக்கம்’ எனப் பெயரிட்டார். விரைவிலேயே இது பிரேசிலில் 1910இல் விவரிக்கப்பட்ட பிரேசிலியென்சி என்ற புழுவோடு ஒன்றெனக் கருதப்பட்டுத் தன் பெயரை இழந்தது. 1951இல் பியோக்கா இரண்டும் வேறெனக் காட்டும்வரை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இக்குழப்பம் நீடித்தது. இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. பிரேசிலியென்சி மனிதத் தோலுக்குள் ஊர்ந்து அரிப்பை உண்டாக்குவதோடு நின்றுவிடும். சிலானிக்கமோ மனிதக் குடலில் முதிர்ந்து முட்டையிடும். இரண்டையும் ஒன்றெனக் கொண்ட காலத்து ஆவணங்களில், நாயிடமிருந்து மனிதருக்கு வந்த தொற்று எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலாது.

இவ்வினாவைத் தமிழக மண்ணில் மீண்டும் எழுப்பியது மரபணு ஆய்வே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர்கள், தமிழகப் பழங்குடிச் சமூகமொன்றின் குழந்தைகளிடம் சிலானிக்கத்தை பி.சி.ஆர். முறையில் அடையாளங்கண்டு 2015இல் வெளியிட்டனர். 2016இல் வெளியான ஆய்வு மனிதர், நாய், மண் ஆகிய மூன்றின் மாதிரிகளையும் ஒருங்கே ஒப்பிட்டது. மனிதரிடம் நெக்கேட்டர் அமெரிக்கானஸ் மிகுந்திருந்தது. நாய்களிடம் அன்கைலோஸ்டோமா கேனினம் மிகுந்திருந்தது. எனினும் நாய்க்குரிய இனத்தின் தடயம் மனித மாதிரிகளிலும் கிடைத்தது. மலத்தில் கிடைக்கும் டி.என்.ஏ. மட்டும் நிலைத்த தொற்றுக்குச் சான்றாகாது என்பது உண்மையே. ஆனால் நுண்ணோக்கியில் இப்புழுக்களின் முட்டைகள் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், மரபணுச் சோதனையின்றி இவ்வினாவை எழுப்பவே இயலாது. மனிதருக்கு மட்டும் குடற்புழு மருந்தளித்து நாயை விட்டுவிடும் திட்டத்தின் எல்லையை இவ்வாய்வு சுட்டுகிறது.

5. எந்த நாய் கணக்கில் வருகிறது?

1910இன் கண்டுபிடிப்புக்கும் 2016இன் ஆய்வுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது நோயுற்ற, மதிப்புமிக்க விலங்கிலிருந்து தொடங்கியது. பின்னதோ ஒரு நிலப்பரப்பிலுள்ள மனிதரையும் நாயையும் மண்ணையும் ஒருசேரக் கண்டது. சிகிச்சைக்கு வரும் நாய்களை மட்டும் கொண்டு அமையும் ஆய்வு, எவ்வளவு நுட்பமான மரபணு முறையைக் கையாண்டாலும், முன்னதன் வழியையே பின்பற்றுகிறது. உரிமையாளர் உள்ள நாயும், நோய் வெளிப்பட்ட நாயும், நகர மருத்துவமனையை எட்டக்கூடிய நாயுமே அதில் இடம்பெறும். நோய்க்குறியின்றித் தொற்றைத் தாங்கும் தெருநாய், ஊர்ப்புறத்துச் சிப்பிப்பாறை, கோம்பை நாய்கள், காட்டோர நரி ஆகியவற்றின் ஒட்டுண்ணிகள் அதற்குப் புறம்பாகவே நிற்கும். மரபணுப் பன்மை மிகுந்திருக்க வாய்ப்புள்ள இடம் அதுவே.

இதற்கு வழியில்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுமாறு வகுக்கின்றன. அறுவைமேசையில் கிடத்தப்படும் அந்நாயிடமிருந்து சில துளிக் குருதியும், உண்ணிகளும், சிறிது மலமும், பிடித்த இடத்தின் பெயரும் சேர்த்துப் பேணப்படுமானால், மருத்துவமனை மாதிரிகள் தராத ஒரு தொகுப்பு உருவாகும்.

முடிவுரை

சென்னை நாய்களின் ஒட்டுண்ணிகளுக்கு ஐரோப்பியப் பெயர் பொருத்தப்பட்டதும், வேட்டைநாயின் வழியே நரியின் ஒட்டுண்ணி அறியப்பட்டதும், இலங்கைப் புழு தன் பெயரை இழந்து மீண்டும் பெற்றதும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகும். மரபணு ஆய்வு பெயர்ப்பிழைகளைத் திருத்தியது; ஆனால் மாதிரித் தெரிவின் சார்பை அது தானாகத் திருத்துவதில்லை. எந்த நாயின் குருதியை எடுப்பது என்ற முடிவு இன்றும் ஆய்வாளரிடமே உள்ளது. செக்காலைத் தெருநாயின் உண்ணியும் அம்முடிவுக்குள் வரும்போதுதான், தமிழகத்து நாய் ஒட்டுண்ணிகளின் மரபணுப் பன்மை என்று நாம் கூறுவது தமிழகம் முழுமைக்கும் பொருந்துவதாக அமையும்.