ஜாகிர்: கல்வராயன் மலையில் பொருள் மாறிய ஃபார்ஸிச் சொல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையை 1976 வரை சடைய, குறும்ப, ஆரிய கவுண்டர் வழிவந்த மூன்று ஜாகிர்தார்களே நிர்வகித்தனர். ஃபார்ஸியில் ‘ஜா’ என்றால் இடம். ‘கீர்’ என்றால் பிடிப்பவர். ஜஹாங்கீர் என்ற பெயரில் இருப்பதும் இதே ‘கீர்’தான்.

ஜாகிர் என்றதும் நாம் சொந்த நிலம் என்று நினைத்துவிடுகிறோம். முகலாயர் ஆட்சியில் அது சம்பளத்துக்குப் பதிலாக அதிகாரிக்கு ஒதுக்கப்பட்ட வரி வருவாய் மட்டுமே. சில ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். மகனுக்குத் தானாகப் போய்ச் சேராது. உதுமானியரின் ‘திமார்’ முறையும் ஏறக்குறைய இதுவே: வரி குதிரைப்படை வீரருக்கு, நிலம் அரசுக்கு.

நம் மலையிலோ அதே சொல் பரம்பரை ஆட்சியுரிமைக்குப் பெயராயிற்று. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்தே அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன.