லெட்டர் வந்தாச்சு, தேதி வரலை

"பைலட் பற்றாக்குறை" என்ற தலைப்புச் செய்தியை 2005லிருந்து எத்தனை முறை படித்திருப்போம்? அதே வருடங்களில் லைசென்ஸை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் பார்த்திருப்போம். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? டெபிட், கிரெடிட் பார்த்தே பழகிய எனக்கு இந்தக் கணக்கு ரொம்ப நாள் இடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் இந்த 'பூல்' சமாச்சாரம். எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர், இண்டர்வியூ, மெடிக்கல் எல்லாம் முடிந்து ஏர்லைன் 'நீ பாஸ்' என்று லெட்டர் கொடுத்துவிடும். ட்ரெயினிங் என்றைக்கு என்று மட்டும் சொல்லாது. விமானம் வந்து சேர வேண்டும், சிமுலேட்டரில் இடம் வேண்டும், சொல்லிக் கொடுக்க கேப்டன் வேண்டும். அதுவரை பட்டியலில் பெயர் இருக்கும், சம்பளம் இருக்காது. எங்கள் பேங்க் பரீட்சையின் ரிசர்வ் லிஸ்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பி.காம். சர்டிபிகேட் பீரோவில் இருபது வருடம் கிடந்தாலும் கெட்டுப்போகாது. விமானியின் காகிதங்கள் கெட்டுப்போகும். 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு முதல் வகுப்பு மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும். இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்கையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, சும்மா இருப்பதற்கும் செலவு.

ஆரம்ப காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அதை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம்ம மெட்ராஸ் வந்து சேர்ந்தார். கம்பெனியிடம் இருந்ததே இரண்டு சின்ன விமானங்கள். இதில் யாரை எதற்குக் காத்திருக்க வைப்பது :-)

காத்திருப்பு உண்மையில் தொடங்கியது 1953க்குப் பிறகுதான். அந்த வருடம் விமானத் துறையை அரசு எடுத்துக்கொண்டது. உள்நாட்டில் ஓடிக்கொண்டிருந்த எட்டு கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. அதற்கப்புறம் நாற்பது வருடம், லைசென்ஸ் வாங்கியவன் பெரிய விமானம் ஓட்ட வேண்டுமென்றால் தட்டுவதற்கு இரண்டு கதவுதான். ஃப்ளையிங் கிளப்பில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டு, அரசு வேலைக்குக் காத்திருக்கிற எல்லோரையும் போலக் காத்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஈஸ்ட் வெஸ்ட், ஜெட், டமானியா, மோடிலுஃப்ட் என்று புதுக் கதவுகள் திறந்தன. ஜெட்டைத் தவிர மற்றவை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடிக்கொண்டன.

பிறகு வந்ததுதான் திருவிழா. 2003ல் ஏர் டெக்கான், 2005ல் கிங்ஃபிஷரும் ஸ்பைஸ்ஜெட்டும் கோஏரும், 2006ல் இண்டிகோ. விமானம் ஒன்றுகூட ஓட்டாத இண்டிகோ 2005லேயே ஒரேயடியாக 100 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தது. 'விமானி வேண்டும்' என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது.

எழுதியது பொய்யில்லை. ஆனால் யாருக்குப் பஞ்சம்? கேப்டன்களுக்கு. 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிடலாம். கேப்டன் ஆவதற்குத் தேவையான லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம். அதை ஃப்ளோரிடாவிலோ பிலிப்பைன்ஸிலோ பணம் கட்டி ஒரு வருடத்தில் வாங்க முடியாது. அதனால் ஏர்லைன்கள் வெளிநாட்டுக் கேப்டன்களை இறக்கின, நம் பிள்ளைகள் 200 மணி நேரத்தோடு வரிசையில் நின்றார்கள். கேப்டன் இல்லாத விமானத்தில் கோ-பைலட் தனியாக உட்கார முடியாதே! தலைப்புச் செய்தியைப் படித்த அப்பாக்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் தொழில் உள்ளே வருகிறது. 2001ல் வந்த மாதிரி கல்விக் கடன் திட்டத்தில் பைலட் படிப்பும் சேர்த்தி. உள்நாட்டுக்கு ஏழரை லட்சம், வெளிநாட்டுக்கு 15 லட்சம் உச்சவரம்பு. 4 லட்சத்துக்கு மேல் போனால் ஜாமீனோ சொத்தோ வேண்டும். திருப்பிக் கட்டுவது எப்போது? படிப்பு முடிந்து ஒரு வருடம், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முன்போ அது. பூலில் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பவனை மனதில் வைத்து எழுதிய விதி இல்லை அது. 15 லட்சம், 12 சதவீதம், ஏழு வருடம் என்று போட்டுப் பாருங்கள், மாதம் 26,000 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும்போது ஏறிய வட்டி தனி. மாதுங்கா பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று ஃபிளாட்டை அடமானம் வைத்திருந்தது. ரிடையர் ஆன அப்பா மாதாமாதம் கவுண்டருக்கு வந்து, "லெட்டர் வந்தாச்சு சார், தேதிதான் வரலை" என்பார். பென்ஷனிலிருந்து கட்டிவிட்டுப் போவார்.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் சுமார் 1,900 பேரை நிறுத்துவதாக அறிவித்து, ஊர் பூராவும் சத்தம் எழவே ஓரிரு நாளில் திரும்ப எடுத்துக்கொண்டது. நிறுத்தப்பட்டவன் ரோட்டில் நின்று கோஷம் போடலாம். பூலில் இருப்பவன் ஊழியனே இல்லை, அவன் எங்கே போய் நிற்பது? 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. வரிசை நகரவில்லை, நீண்டது. வேலை இழந்த அனுபவசாலிகள் வந்து முன்னால் நின்றார்கள். 2019 ஏப்ரலில் ஜெட் நின்றபோதும் இதே கதை.

இடையில் 2011ல், போலி மார்க்ஷீட் காட்டி லைசென்ஸ் வாங்கிய சில விமானிகள் பிடிபட்டார்கள். கடன் நெருக்கினாலும் அதற்கு மன்னிப்பே கிடையாது என்பது என் கட்சி. பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காத்திருப்பில் போவது சம்பளம் மட்டுமில்லை. இந்தத் தொழிலில் சீனியாரிட்டி பெரிய விஷயம். அமெரிக்காவில் அதுதான் எல்லாமே. எந்த விமானம், எந்த ரூட், எப்போது கேப்டன், ஆள் குறைத்தால் யார் முதலில் வெளியே என்பதெல்லாம் சேர்ந்த தேதியை வைத்துத்தான். பூலில் கழிந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வராது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அங்கே ட்ரெயினிங் வகுப்புகள் ரத்தாகி, லெட்டர் வைத்திருந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60லிருந்து 65 ஆக்கினார்கள். மேலே இருப்பவர் ஐந்து வருடம் கூட உட்கார்ந்தால், கீழே இருப்பவன் ஐந்து வருடம் கூட நிற்க வேண்டியதுதான்.

2023ல் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் என்று ஆர்டர் கொடுத்தன. அதே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் (பழைய கோஏர்தான்) நின்றுபோனது. இப்போது 'கேடட்' திட்டம் என்று ஏர்லைனே பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து ஆள் எடுக்கிறது. செலவு கிட்டத்தட்ட ஒரு கோடி. கடன் கேட்டு வரும் பெற்றோரிடம் நான் அந்த லெட்டரை வாங்கி, வேலை தருவதைப் பற்றிச் சொல்லும் பத்தியைத்தான் முதலில் படிப்பேன். நான் பார்த்தவரை அதில் 'காலியிடத்தைப் பொறுத்து' என்று ஒரு வரி இருக்கும். தேதி இருக்காது.