கடிகாரம் வகுத்த குடி: மெல்பர்ன் நகரின் பீர் பண்பாடும் மது உரிமச் சட்டங்களும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1916 முதல் 1966 வரை மதுவிடுதிகள் மாலை ஆறு மணிக்கே அடைக்கப்பட்டன. தலைநகர் மெல்பர்னில் யார் குடித்தார்கள், எங்கே, எவ்வளவு வேகத்தில் குடித்தார்கள் என்பதை இந்த ஐம்பது ஆண்டுகள் பெருமளவு தீர்மானித்தன. குடியை ஒடுக்கப் பிறந்த நேரக் கட்டுப்பாடு குடிக்கும் முறையையே முரட்டுத்தனமாக்கியது. பிற்காலத்தில் நகரம் பெற்ற சிறு பார்களுக்கும் சிறு பீர் ஆலைகளுக்கும் உரிம விதிகளின் மாற்றமே வழிவிட்டது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

போருக்கு முன்

மெல்பர்னின் தொடக்ககாலப் பீர் பிரிட்டிஷ் பாணி ‘ஏல்’. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபாஸ்டர் சகோதரர்கள் காலிங்வுட் பகுதியில் ஆலை நிறுவி, பனிக்கட்டியும் குளிரூட்டும் எந்திரமும் தேவைப்படும் ‘லாகர்’ வகையை 1880களின் இறுதியில் கொண்டுவந்தனர். வெப்பமான கோடை கொண்ட ஊரில் குளிர்ந்த லாகருக்கு எதிர்காலம் இருந்தது. 1907இல் ஃபாஸ்டர், கார்ல்டன், விக்டோரியா உள்ளிட்ட ஆறு ஆலைகள் இணைந்து ‘கார்ல்டன் அண்டு யுனைடெட்’ ஆயின.

அதே காலத்தில் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கமும் புராட்டஸ்டன்ட் திருச்சபைகளும் வலுப்பெற்றன. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உரிமக் குறைப்பு வாரியம், இழப்பீடு வழங்கி நூற்றுக்கணக்கான மதுவிடுதிகளை மூடியது. உரிமங்கள் அருகியதால், எஞ்சியவற்றின் மதிப்பு ஏறியது.

ஆறு மணிச் சட்டம்

முதல் உலகப் போர் மதுவிலக்காளர்களுக்கு நாட்டுப்பற்று என்ற வாதத்தைத் தந்தது. தெற்கு ஆஸ்திரேலியா 1915இல் வாக்கெடுப்பு நடத்தி ஆறு மணியைத் தேர்ந்தது. 1916 பிப்ரவரியில் சிட்னியில் படைவீரர்கள் குடித்துவிட்டு நடத்திய கலவரம் நியூ சவுத் வேல்ஸையும் அப்பக்கம் திருப்பியது. விக்டோரியா வாக்கெடுப்பின்றிச் சட்டமன்றத்தின் வழியே 1916 அக்டோபரில் அதை நடைமுறைப்படுத்தியது. போர்க்கால ஏற்பாடாக வந்த சட்டம், போர் முடிந்தபின் 1919இல் நிரந்தரமானது.

மக்களின் தீர்ப்பு இருபக்கமும் சாயாதது. 1920இல் கேம்பர்வெல், பாக்ஸ் ஹில் புறநகர்ப் பகுதிகள் உள்ளூர் வாக்கெடுப்பால் உரிமங்களை ஒழித்தன. ஆனால் முழு மதுவிலக்கு கோரிய 1930, 1938 மாநில வாக்கெடுப்புகள் தோற்றன. ஒலிம்பிக் நடந்த 1956இல் இரவு பத்து மணிவரை நீட்டிக்கும் யோசனையும் தோற்றது. மதுவை ஒழிக்கவும் மனமில்லை. மாலைக்குப் பின் அனுமதிக்கவும் மனமில்லை.

ஒரு மணி நேரக் குடி

அலுவலகமும் ஆலையும் ஐந்து மணிக்கு விடும். கையில் இருப்பது ஒரு மணி நேரம். அதற்குள் முடிந்த மட்டும் ஊற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு ‘ஆறு மணி மொடாக்குடி’ என்ற பொருள்படும் பெயரே நிலைத்தது. விடுதிக்காரர்கள் கூட்டத்துக்கேற்பக் கட்டடத்தை மாற்றினர்: பில்லியர்ட்ஸ் மேசைகள் அகன்றன, மதுமேடை நீண்டது, கழுவிவிட வசதியாகச் சுவர்களில் ஓடு பதிக்கப்பட்டது. நெரிசலில் கோப்பைகளைக் குழாயைக் கொண்டே வரிசையாக நிரப்பினர். பொது பார் ஆண்களின் இடமாக இறுகியது. பெண்கள் தனியறைக்கு ஒதுங்கினர். ஜான் பிராக் 1954இல் தீட்டிய ‘தி பார்’ ஓவியம் அந்த நேரத்தின் சாட்சி.

இத்தகைய அவசரத்தில் சுவைத்துத் தேர்வதற்கு இடமேது? எண்ணிக்கை வரம்பிடப்பட்ட உரிமங்களில் பலவற்றைப் பெரிய ஆலை வாங்கியோ ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டோ தன் பீரை மட்டுமே விற்கச் செய்தது. விடுதிக்காரர்களே 1904இல் தொடங்கிய கூட்டுறவு ஆலையும் 1925இல் கார்ல்டன் அண்டு யுனைடெட்டுடன் சேர்ந்தது. நேரக் கட்டுப்பாடும் உரிமக் கட்டுப்பாடும் கைகோத்து, ஒரே நிறுவனத்தின் லாகரை நகரத்தின் சுவையாக்கின.

தளர்வும் பன்மையும்

பி. டி. பிலிப்ஸ் தலைமையிலான அரச விசாரணை ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, 1966 பிப்ரவரி 1 முதல் விடுதிகள் இரவு பத்து மணிவரை திறந்தன. அதே ஆண்டில் வாகன ஓட்டிகளின் இரத்தத்தில் மது அளவுக்கு 0.05 சதவீத வரம்பும் வந்தது. கட்டுப்பாடு கடையின் கதவிலிருந்து சாலைக்கு இடம்பெயர்ந்தது என இதை வாசிக்கலாம்.

அடுத்த திருப்பத்தைப் பொருளியலாளர் ஜான் நியூவென்ஹைசனின் 1986 அறிக்கை உண்டாக்கியது. அதைத் தொடர்ந்த 1987 மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம் பெறுவதை எளிதாக்கியது. பெரிய விடுதியை வாங்க இயலாதவரும் தொழிலில் இறங்க வழி பிறந்தது. 1994இல் மேயர்ஸ் பிளேஸ் சந்தில் திறந்த சிறு பார் பின்வந்தவற்றுக்கு முன்னோடி. 1997இல் ‘மவுண்டன் கோட்’ ஆலை தொடங்கப்பட்டது. எனினும் 2015இல் அதை ஜப்பானிய ‘அசாஹி’ வாங்கியது. 2020இல் கார்ல்டன் அண்டு யுனைடெட்டும் அதே நிறுவனத்தின் கைக்குப் போனது.

முடிவுரை

நேரத்தைச் சுருக்கியபோது வேகம் கூடியது. உரிமத்தைச் சுருக்கியபோது ஏகபோகம் வளர்ந்தது. 2008இல் அதிகாலை இரண்டு மணிக்குமேல் புதிதாக எவரையும் உள்ளே விடக்கூடாது என்ற தடையை மெல்பர்ன் சோதித்துப் பார்த்தது. சில மாதங்களில் அது கைவிடப்பட்டது. மதுச் சட்டத்தை எத்தனை லிட்டர் குறைந்தது என்ற கணக்கால் மட்டும் அளப்பது போதாது என்பதையே இந்நகர வரலாறு காட்டுகிறது. குடிப்பவர் எங்கே நிற்கிறார், அருகில் யார் இருக்கிறார்கள், எவருடைய பீர் கோப்பையில் இருக்கிறது ஆகிய மூன்றையும் சட்டமே வகுக்கிறது. மதிப்பீடும் அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.