வேட்டைநாயும் வாரும்: புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மகாவம்சம் கூறும் விசயன் கதையிலே நாய் ஒன்று இடம்பெறுகின்றது. கரையிறங்கிய விசயனின் தோழர்முன் இயக்கி ஒருத்தி பெண்நாய் வடிவிலே தோன்றுகின்றாள். நாய் காணப்படுமாயின் அருகே ஊரும் இருத்தல் வேண்டும் எனக் கருதிய ஒருவன், இளவரசன் தடுத்தும் கேளாது அதன் பின்னே செல்கின்றான். அவர்கள் இறங்கிய தம்பபண்ணியைப் புத்தளத்துக்கு வடக்கேயுள்ள குதிரைமலைக் கரையோடு தொடர்புபடுத்தும் மரபு ஒன்றுண்டு. இதனை நிகழ்ந்த வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், நாய் முன்னே செல்ல மனிதன் அதனைப் பின்தொடரும் உறவு இக்கதையை ஆக்கியோர்க்கு நன்கு பழக்கமானதாக இருந்தமை இதனாற் பெறப்படும். அவ்வுறவை நெறிப்படுத்தும் கருவி வார் ஆகும். நாயைப்பற்றிப் பேசுவோர் வாரைப்பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயினும் வேட்டையின் தன்மையை நிர்ணயிப்பதில் அதற்குள்ள பங்கு சிறியதன்று.

வேட்டையில் நாயைப் பயன்படுத்தும் முறைகளை இரண்டாக வகுக்கலாம். நாயை அவிழ்த்துவிட்டு, அது விலங்கைத் துரத்தவும் மறிக்கவும் செய்தல் ஒன்று. நாயை வாரிற் பிடித்தவாறே அதன் மோப்பத்தைத் துணையாகக்கொண்டு மானின் தடத்தைத் தொடர்தல் மற்றொன்று. முன்னையதிலே நாய் வேட்டையாடுகின்றது; பின்னையதிலே நாய் வழிகாட்டுகின்றது. இவ்விரண்டனுள் எது நோக்கம் என்பது தெளிவானாலன்றி, எத்தகைய வார் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காணல் இயலாது.

தமிழிலக்கியச் சான்றுகள் முதல் வகையையே மிகுதியும் காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையிலே எயினர் நாய்களுடன் சென்று புதர்களை அலைத்து, முயல்களை வலையில் அகப்படுத்தும் செய்தி வருகின்றது. ஆங்கு நாய் விரட்டுகின்றது, வலை பிடிக்கின்றது. நாய்க்கு அளிக்கப்பட்ட மதிப்பையும் நாம் அறிவோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலே கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கள்வரைக் கடித்துப் போரிட்ட கோவிவன் என்னும் நாயைப் பெயர்சுட்டி அது போற்றுகின்றது. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டோ தக்கோலப் போரை அடுத்து, கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் பரிசாகக் கேட்டுப்பெற்ற காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது மடிந்தமையைக் கூறுகின்றது. இவ்விரு கற்களும் நாயின் வீரத்தையே நினைவிற் கொண்டன. தடந்தேடும் பொறுமைக்குக் கல் நாட்டப்படவில்லை.

ஐரோப்பிய வேட்டை மரபிலே நிலை சற்று வேறுபட்டது. 1387ஆம் ஆண்டிலே தமது வேட்டை நூலை எழுதத் தொடங்கிய பிரெஞ்சுப் பிரபு கஸ்தோன் ஃபேபுஸ், வாரிற் பிடிக்கப்பட்டு மானின் மறைவிடத்தைக் கண்டறியும் நாய்க்குச் சிறப்பிடம் அளித்தார். ‘லிமியே’ என்னும் அந்நாயின் பெயரே வாரைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்ததாகும். ஜேர்மானிய வேட்டையாளரும், காயமுற்ற மானின் இரத்தத் தடத்தைத் தொடரும் நாய்க்கென அகன்ற தோற்பட்டையையும் நீண்ட வாரையும் உருவாக்கினர். காயப்பட்ட விலங்கைத் துன்புறவிடாது தேடிக் கண்டடைதல் அவர்தம் வேட்டை ஒழுக்கத்தின் கூறாயிற்று.

ஆங்கிலேயர் இலங்கைக்குக் கொணர்ந்தது பெரும்பாலும் துரத்தும் வேட்டையையே. 1848ஆம் ஆண்டு நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1854இல் வெளியிட்ட தமது நூலிலே, நாய்க்கூட்டத்தை ஏவி மரையை மடக்கிக் கத்தியாற் குத்திக் கொன்றமையை விரிவாக விவரிக்கின்றார். தம் நாய்களின் பெயர்களையும் குணங்களையும் அவர் தனித்தனியே பதிவுசெய்தமை குறிப்பிடத்தக்கது. மலைநாட்டுப் புல்வெளிக்கும் ஓடைகளுக்கும் ஏற்ற அம்முறை, முட்புதரும் வறண்ட காடும் நிறைந்த புத்தளப் பகுதிக்கு அவ்வாறே பொருந்துவதன்று. கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடைப்பட்ட வில்பத்துக் காட்டிலே ‘வில்லு’ எனப்படும் நீர்நிலைகளைப் புள்ளிமான்கள் நாடி வருகின்றன. ஆங்கு அவிழ்த்துவிடப்படும் நாயைச் சிறுத்தைக்கு இரையாக்குதல் எளிது, மீட்டல் அரிது.

வேட்டையின் பெயரால் விலங்குகள் பெருமளவில் அழிந்தமையை உணர்ந்தோரும் வேட்டையாளரே. 1894இல் இலங்கையில் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் சங்கம் தோன்றியது. வில்பத்து 1905இல் சரணாலயமாகவும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை அடுத்து 1938இல் தேசிய பூங்காவாகவும் ஆயிற்று. இம்மாற்றம் நன்மை பயந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதன் மறுபக்கமும் நோக்கற்பாலது. துப்பாக்கியும் அனுமதிப்பத்திரமும் உடையவன் செய்தது ‘விளையாட்டு’ எனப்பட்டது. நாயும் கண்ணியும் உடைய காட்டோரக் கிராமத்தான் செய்தது ‘குற்றம்’ எனப்பட்டது. முன்னவனின் நாய்கள் நூல்களிலே பெயர் பெற்றன. பின்னவனின் நாய்க்கு அத்தகைய நூல் எதுவும் வாய்க்கவில்லை. கானகத்தைக் காத்தல் சரியே. அதனை வாசிக்கும் அறிவையும் கூடவே குற்றமென ஒதுக்குதல் சரியாகுமா?

இனி, தடந்தேடும் நாய்க்குரிய வாரின் தெரிவை நோக்குவோம். மோப்பம் பிடிக்கும் நாய் தலையைத் தாழ்த்தி முன்னோக்கி இழுக்கும் இயல்பினது. கழுத்துப்பட்டையாயின் அவ்விழுவை தொண்டையை அழுத்தி, மூச்சையும் மோப்பத்தையும் ஒருங்கே தடுக்கும். ஜேர்மானியர் பட்டையை அகலமாக்கியது இக்குறையைத் தணிக்கவே. மார்பையும் முதுகையும் அணைத்துக் கட்டப்படும் வாரை ‘மார்புவார்’ என இங்கு வழங்கலாம். அது இழுவையை மார்பெலும்பின் மீது சுமத்துவதால் தொண்டை கட்டற்றிருக்கும். முன்வார் தோள்மூட்டின் அசைவை மறிக்காதிருத்தல் வேண்டும். வயிற்றுவார் முன்னங்காலின் அடிப்பகுதியை உராயாது சற்றுப் பின்னே அமைதல் வேண்டும். நீண்ட கயிறு பிணைக்கப்படும் வளையம் முதுகின்மேல் இருப்பின் கயிறு கால்களிற் சிக்காது.

கரையோரச் சூழலும் கருத்திற் கொள்ளத்தக்கது. கடல்நீர் பட்டு உலர்ந்த தோல் விறைத்து வெடிக்கும். இரும்பு வளையம் துருவேறும். ஆதலின் உப்புக்கு அழியாத நைலோன் நாடாவும் பித்தளை வளையமும் இக்கரைக்கு ஏற்றன. வெப்பம் மிகுந்த இந்நிலத்தில் உடலை மூடும் அகன்ற அங்கியைவிட ஒடுங்கிய நாடாக்களே நாய்க்கு நலம் தரும். முட்காட்டில் நாயை அவிழ்க்க நேரின் மார்புவாரையும் கழற்றிவிடுதல் வேண்டும். அன்றேல் அது கிளையில் மாட்டி நாயையே சிறைப்படுத்தும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வாரில் உள்ள நாய் கொல்வதில்லை, அது தேடுகின்றது. கள்வனின் தடத்தைத் தொடரும் பொலிஸ் மோப்பநாயிடத்தும் இதனைக் காணலாம். எனவே, மார்புவாரைத் தெரிவுசெய்தல் வெறும் தோல், நாடா பற்றிய செய்தியன்று. நாயின் பல்லை நம்புவதா, மூக்கை நம்புவதா என்னும் தெரிவு அதனுள் அடங்கியுள்ளது. வேட்டை தடைசெய்யப்பட்ட காட்டில் பல்லுக்கு இடமில்லை. காயமுற்ற விலங்கைக் காணவும் கண்ணி வைப்போரைத் தொடரவும் மூக்குக்கு இன்றும் இடமுண்டு. புத்தளக் கரையோரக் கிராமங்களிலே நாயோடு காடு சென்ற முதியோரின் சொற்களும் பழக்கங்களும் மறையுமுன் தொகுக்கப்படுதல் வேண்டும். நூல்கள் எழுதாது விட்ட வரலாற்றை அத்தொகுப்பிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.