ஆங்கிலப் பெயர்களில் எண்ணத்தகுமை: ‘ஃபர்னிச்சர்’ எழுப்பும் சிக்கல்

ஆங்கிலப் பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா, தகாததா என்று அறிய, அது குறிக்கும் பொருளைப் பார்க்கச் சொல்கின்றன பள்ளி இலக்கணங்கள். நாற்காலியை எண்ணலாம், தண்ணீரை எண்ண முடியாது என்பது பாடம். இந்த வழி முதல் அடியிலேயே இடறுகிறது. கூடத்தில் கிடக்கும் நாற்காலிகளையும் மேசையையும் ‘செயர்’, ‘டேபிள்’ என்றால் எண் ஏற்கும். அவற்றையே ஒருசேர ‘ஃபர்னிச்சர்’ என்றால் ஏற்காது. மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்டு தம் ‘லாங்குவேஜ்’ (1933) நூலில் ‘ஓட்ஸ்’, ‘வீட்’ இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதும் இதற்காகவே. இரண்டும் தானியம்தான், முன்னது பன்மை, பின்னது ஒருமை.

எனவே தொடரமைப்பே சான்று: எண்ணும் ‘மெனி’யும் ஏற்பது ஒரு வகை, ‘மச்’ ஏற்பது மற்றொன்று. ஆனால் இந்தப் பண்பு எதற்கு உரியது? சொல்லுக்கு அன்று, பெயர்த்தொடருக்கே என்றார் மொழியியலாளர் கீத் ஆலன் (1980). சொல்லிடம் இருப்பது ஒருபக்கச் சாய்வு மட்டுமே. கடையில் ‘டூ காஃபீஸ்’ கேட்கலாம்; சட்டையில் சிந்திய முட்டை வெறும் ‘எக்’. எந்த எண்ணத்தகு பெயரையும் அரைத்துப் பிண்டமாக்கும் கற்பனை ‘அரவை இயந்திரம்’ ஒன்றைப் பற்றி மெய்யியலாளர் ஜெஃப்ரி பெல்லட்டியர் 1975இல் எழுதினார். அந்த யோசனை மற்றொரு மெய்யியலாளரான டேவிட் லூயிஸுடையது.

ஆலன் வாதம் ‘காஃபி’க்குப் பொருந்தும். ‘ஃபர்னிச்சர்’ அதற்கு அடங்கவில்லை. எந்தக் கடையிலும், எந்தச் சூழலிலும் ‘டூ ஃபர்னிச்சர்ஸ்’ பொது வழக்கு ஆங்கிலத்தில் நிற்காது. அலகு இல்லாததால் என்று சொல்லவும் வழியில்லை. உளவியலாளர்கள் டேவிட் பார்னரும் ஜெஸ்ஸி ஸ்னெடேக்கரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய பொருளையும் சில சிறிய பொருள்களையும் காட்டி எது அதிகம் என்று கேட்டார்கள். ‘மஸ்டர்டு’ போன்ற சொற்களுக்குப் பருமனைப் பார்த்தவர்கள், ‘ஃபர்னிச்சர்’ வகைச் சொற்களுக்கு எண்ணிக்கையைப் பார்த்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகளும் அப்படியே. பொருண்மையில் தனித்தனி அலகு உண்டு; இலக்கணம்தான் கதவை அடைக்கிறது. ‘காஃபி’க்குச் சூழல் ஓர் அலகைத் தருகிறது. இங்கே தருவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே இவ்வகையில் தடை சொல்லிலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

பலவகைப் பொருள்களின் தொகுதி என்பதால் எண் ஏற்கவில்லை என்பாரும் உளர். அப்படியானால் காரையும் வண்டியையும் சைக்கிளையும் அடக்கும் ‘வெஹிகிள்’ ஏன் எண் ஏற்கிறது? பிரெஞ்சின் ‘மொபிள்’ அதே மேசை நாற்காலியைக் குறித்தும் எண்ணப்படுகிறதே! பொருண்மை ஒரு போக்கைத் தூண்டலாம். முடிவு அந்தந்த மொழி மரபின் கையில்.

இந்திய ஆங்கிலத்தில் ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘லக்கேஜஸ்’ மலிந்திருப்பதையும் இந்த நோக்கில் மறுபடி பார்க்க வேண்டும். அவை கவனக்குறைவின் விளைவு அல்ல. பொருண்மையில் இருக்கும் அலகுக்கு இலக்கணத்தை இணங்க வைக்கும் முயற்சி. கற்போருக்கான அகராதிகள் ‘மட்’டுக்கும் (சேறு) ‘ஃபர்னிச்சரு’க்கும் எண்ணத்தகாதது எனக் காட்டும் ஒரே ‘யு’ குறியை இட்டு இந்த வேறுபாட்டை மறைக்கின்றன. பின்னதற்குத் தனிக்குறியும், கூடவே ‘பீஸ்’ என்ற அலகுச்சொல்லும் தரப்பட வேண்டும்.